உன்னைத் தூக்கிய நாற்காலி

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் முனையில் ஒரு டீக்கடை இருக்கிறது. நேற்று மாலை அங்கே டீ சொல்லிவிட்டு உட்காரத் திரும்பினேன். சுவரோரம் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. அதன் ஒரு கை உடைந்துபோய், பச்சை நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வலைக்குப் போடுகிற அதே கயிறு. "குந்து மேடம், ஒடையாது" என்றார் கடைக்காரர். நான் நின்றுகொண்டே குடித்து முடித்தேன்.

நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். "நாக்காலியப் பாத்து பயப்படுறியா?" என்று கேட்டிருப்பாய். பயம் இல்லை. அதில் உட்கார்ந்தால் நான்கு பேர் வந்து தூக்கிவிடுவார்கள் என்று தோன்றியது. அவர்கள் நல்லவர்களாகவும் இருப்பார்கள். இறக்கிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இது உன்னுடைய சாலை. உன் கம்பெனி வேன் இந்த வழியாகத்தான் வந்தது. விடிவதற்கு முன்பே குப்பத்துப் பெண்கள் நீங்கள் எல்லோரும் படகில் ஏரியைக் கடந்து பழவேற்காடு துறைக்கு வந்துவிடுவீர்கள். அங்கிருந்து வேன். நாளெல்லாம் ஒயர் கோக்கிற வேலை. ஒரு மழைநாளில் அந்த வேன் சாலையை விட்டு இறங்கிக் கால்வாயில் கவிழ்ந்தது. மற்றவர்கள் தையலோடும் கட்டோடும் சில வாரங்களில் வேலைக்குத் திரும்பினார்கள். உனக்கு முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

நான் உன்னை அறிந்தது அதற்குப் பிறகு, ஓர் ஆய்வின் வழியாக. எளிதில் போய்ச் சேர முடியாத ஊர்களில் மாற்றுத்திறனாளிகளின் மனம் எப்படி இருக்கிறது, வாரம் ஒரு முறை வீடியோவில் முகம் பார்த்து யாராவது பேசினால் அவர்களுடைய சோர்வு குறைகிறதா என்று அளந்து பார்க்கிற ஆய்வு. அந்த 'யாராவது' நான். திருநின்றவூரிலிருந்து ரயிலில் திருவள்ளூர் வந்து, மணவாள நகரில் ஒரு வீட்டு மாடியில் இருந்த அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு உன்னை அழைப்பேன். சில மாதங்களுக்கு ஒரு முறை நேரில் வந்து கேள்விகள் கேட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டு போவேன்.

முதல் அழைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. திரையில் உன் முகம், நெற்றியில் பறக்கிற முடி, பின்னால் வானம். உன் தோளுக்குப் பின்னே வரிசையாக லுங்கிகள். கைப்பிடிச் சுவரில் சிலர் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வாரம் மனசு எப்படி இருந்துச்சு?" என்று தாளில் இருந்தபடி கேட்டேன்.

"நல்லா கீறேன் மேடம்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "நல்லாதான் கீது மேடம், நேத்து ரெண்டு தட்டு சோறு துன்னுச்சு!"

"நீ எண்ணுனியாடா?" என்றாய் திரும்பாமலே. லுங்கிகள் குலுங்கிச் சிரித்தன.

ஏன் கூட்டம் என்பது நேரில் வந்தபோதுதான் புரிந்தது. உங்கள் ஊரில் கீழே நின்றால் பேச்சு துண்டு துண்டாக வரும், படம் வரவே வராது. சிக்னல் முழுசாகக் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று: புயலுக்கு ஒதுங்கக் கட்டிய கட்டடத்தின் மொட்டை மாடி. சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் கட்ட இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் மணல் குவிந்து கிடந்தது, அதன் மேல் ஆடுகள் படுத்திருந்தன. ஆகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் அடியில் மூங்கில் கொடுத்துப் பச்சைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதில் உன்னை உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். நீ பேசி முடிக்கும்வரை அங்கேயே காத்திருந்து, மறுபடி தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் நேரில் வந்த நாட்களிலும் எனக்குக் காட்டவென்று அப்படித் தூக்கினார்கள்.

யார் தூக்குவது என்பதற்கு ஊரே கூடி முறை வைத்திருந்தது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது உங்கள் வழக்கம். ஒருவருக்கு வருகிற முறையைப் பாடு என்பீர்கள். அதே மாதிரி உன்னைத் தூக்குவதற்கும் சீட்டுப் போட்டார்கள். இந்த வாரம் இந்தப் படகுக்காரர்கள், அடுத்த வாரம் அடுத்த படகுக்காரர்கள். எவருக்கும் சுமை கூடக்கூடாது, எவரும் விட்டுப்போகவும் கூடாது. உன் அண்ணன் மட்டும் முறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்துவிடுவார்.

"பொம்பளைக்கு ஏரியில பாடு கெடையாது, தெரியுமா?" என்று அன்று நீ எனக்கு விளக்கினாய். "இப்ப நானே ஒரு பாடா ஆயிட்டேன் பாரு."

படியில் அவர்கள் மூச்சுவாங்கும்போது உன்னைக் கிண்டல் செய்வார்கள். "மகாராணி வெயிட்டு போட்டுட்டாங்கப்பா, போன வாரத்துக்கு இந்த வாரம் தெரீது." நீ விடமாட்டாய். "வலையில ஒண்ணும் வுழல, அந்தக் கடுப்ப என் மேல காட்டுறியா நைனா? ஒழுங்கா புடி. கீழ வுட்டீன்னா இருக்கிற பாதியும் பூடும்." அவர்கள் இன்னும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். உன் விரல்கள் நாற்காலியின் விளிம்பில் வெளுத்திருந்ததை இரண்டாவது முறை வந்தபோதுதான் கவனித்தேன்.

எங்கள் திட்டத்தை நடத்திய அம்மையார் படித்தவர், இரக்கம் உள்ளவர். நான் நாற்காலியைப் பற்றிச் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு ஊரே சேர்ந்து தூக்குதுன்னா, இதுக்கு மேல என்ன ஆதரவு வேணும்? போட்டோ எடுத்தியா?" என்று கேட்டார். எடுத்திருந்தேன். அதற்குள் உன் மதிப்பெண்ணும் ஒவ்வொரு முறையும் நல்ல பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் நீ "நல்லா கீறேன்" என்றாய், நான் அதைப் பதிந்தேன். நேரில் வரும்போதும் உங்கள் வீட்டு ஒரே அறையில், வாசல் நிறைய ஆட்கள் நிற்க, நீ அதையேதான் சொன்னாய்.

நான் நிறையப் படிப்பவள் என்று உனக்குத் தெரியும். ரயிலில் படிப்பேன், அலுவலகத்தில் அழைப்புகளுக்கு நடுவே படிப்பேன். அந்த நாட்களில்தான் ஒன்று உறைத்தது. நான் படித்த புத்தகங்களிலெல்லாம் துக்கம் ஏதாவது ஓர் அறைக்குள் நடந்தது. எழுதியவர்கள் எல்லோரிடமும் ஒரு கதவு இருந்திருக்கிறது. எங்கள் கேள்விகளைத் தயாரித்தவர்களிடமும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், மனசு எப்படி இருக்கிறது என்ற கேள்வி முதல் வரியாக வந்திருக்காது.

உனக்கு வேண்டியிருந்தது கொஞ்ச நேரம் ஆளில்லாத இடம். அதை நீயாகக் கேட்கவில்லை. உன் அண்ணிதான் கேட்டாள். மூன்றாவது முறை நான் வந்திருந்த அன்று, உன்னை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் உன்னைக் காட்டிச் சத்தமாக அறிவித்தாள்: "மேடம் ஏரி பாக்கணுமாம். பாப்பாவும் கூட வரட்டும், காட்டிக் குடுக்கும். அப்பிடியே படகுல குந்த வச்சுடுங்க."

நான் எதுவும் பார்க்கக் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

உன் அண்ணன், "நானும் வரேன், படகு தள்ளணுமே" என்றார்.

"நீ வந்தா எறா ஓடிப்பூடும். எனக்குத் தள்ளத் தெரியாதா? ஊட்டுல போய் வலைய காயப் போடு."

நாற்காலியோடு உன்னைப் படகில் வைத்தார்கள். அண்ணி கழி ஊன்றித் தள்ளினாள். குப்பம் சின்னதாகத் தெரிகிற தூரம் வந்ததும், இடுப்பளவு ஆழத்தில் கழியைச் சேற்றில் நட்டுப் படகைக் கட்டினாள். இறால் போடுகிற பனை ஓலைப் பறியை எடுத்து அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவதற்கு முன் எங்களைப் பார்த்தாள். "நான் எறா தடவப் போறேன். கழுத்து வரைக்கும் தண்ணியில கெடப்பேன், காதுல ஒண்ணும் வுழாது. வாயில பறி கீது, யாராண்டயும் சொல்லவும் முடியாது. பேசறத பேசுங்க." தண்ணீருக்குள் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவியபடி விலகி விலகிப் போனாள். தலை மட்டும் ஒரு புள்ளியாக மிதந்தது.

நீ என் பக்கம் திரும்பினாய். பிறகு என்னை மேடம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாய்.

"உன் ரூமுக்குத் தாழ்ப்பா கீதாடி?"

"இருக்கு."

"போட்டுக்குவியா?"

"போட்டுக்குவேன்."

"உள்ள இன்னா பண்ணுவே?"

"படிப்பேன். சும்மா இருப்பேன். சில நாள் அழுவேன்."

"சத்தமாவா?"

"இல்ல. ஃபேனை வேகமா வச்சுக்கிட்டு."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அதன் பிறகு நீ கத்தினாய். வேன் ஓட்டியவனை, கம்பெனியை, அம்மனை, உன் அண்ணனை, செத்துப்போன உன் அப்பாவை, என்னை. அன்று நீ சொன்னவற்றை இங்கே எழுதப்போவதில்லை. தண்ணீரின் மேல் சத்தம் தூரமாகப் போகும் என்பதுகூட உனக்கு மறந்துபோயிருந்தது. அண்ணியின் தலை அந்தப் பக்கமே பார்த்திருந்தது, திரும்பவில்லை.

அடங்கிய பிறகு சொன்னதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது எனக்காகச் சொன்னது. "நான் நல்லா கீறேன்னு போன்ல சொல்றப்போ எங்க அண்ணன் மூஞ்சிய நீ பாத்ததில்ல. மீனு நெறைய வுழுந்து வல கனமா கீதுன்னா ஒரு மூஞ்சி வரும், அந்த மூஞ்சி. அத்தினி பேரும் தூக்கிக்கினு வந்துட்டு, நான் செத்த மாதிரி கீறேன்னு எப்பிடிடி சொல்றது? அவங்க கொறை இன்னா? ஒரு கொறையும் இல்ல. அதான் பேஜாரு."

கொஞ்சம் கழித்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இனிமே யாரைக் கேட்டாலும் மொதல்ல பக்கத்துல யார் கீறாங்கன்னு கேளு. அப்புறமா எப்பிடி கீறேன்னு கேளு" என்றாய்.

அண்ணி திரும்பி வந்தபோது பறியில் இறால் அதிகம் இல்லை. படகை அவிழ்த்தபடி, "இன்னிக்கு ஒண்ணும் சிக்கல. ஏரி காட்டிட்டியா பாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"காட்டிட்டேன் அண்ணி" என்றாய். கரைக்கு வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் காற்று வாங்கினாய். உன்னை அறிந்த காலம் முழுவதிலும் உன் விரல்கள் விளிம்பை விட்டிருந்த ஒரே நேரம் அதுதான்.

மறுவாரம் அலுவலகக் கூட்டத்தில் கேட்டேன். மாடியில் பேசுவதற்குப் பதிலாக நானே வந்து படகில் வைத்துப் பேசுகிறேன், வாரம் வேண்டாம், மாதம் ஒரு முறை போதும் என்றேன். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். "எல்லாருக்கும் போன்ல பேசிட்டு ஒருத்தருக்கு மட்டும் நேர்ல பேசினா எதை வச்சு ஒப்பிடறது? அப்புறம், நடக்க முடியாத பொண்ணைப் படகுல வச்சு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. லீவு நாட்களில் நானாக வந்து பார்த்தேன். ஒரு முறை காற்று, ஒரு முறை அண்ணிக்குக் காய்ச்சல், ஒரு முறை படகு ரிப்பேர். ஏரி நடுவே நாம் மறுபடி போகவே இல்லை.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு அழைப்பிலும் நீ கற்றுக்கொடுத்ததை முதலில் கேட்டேன்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"கீறாங்க மேடம். எல்லாரும் கீறாங்க."

"சரி. காத்து எப்படி?"

"வாடை. அடிச்சுத் தூக்குது."

அவ்வளவுதான் நம் சிகிச்சை. காற்று, தண்ணீர், எந்த மீன் வருகிறது, எது வரவில்லை. உன் மதிப்பெண் நன்றாகவே இருந்தது. ஆய்வுக் காலம் முடிந்தது, உன்னிடம் கொடுத்திருந்த போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சென்னையில் ஒரு ஹோட்டல் அரங்கில் முடிவுகளை வாசித்தபோது உன் படம் சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. நாற்காலி, மூங்கில், தூக்குகிறவர்களின் வியர்த்த முதுகுகள், நடுவே நீ. கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர், "அந்தப் பொண்ணு எவ்ளோ தைரியமா சிரிக்குது பாருங்க" என்றார். நான் உன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழைப்பு நின்ற பிறகும் அவர்கள் உன்னை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதை அண்ணி சொல்லித்தான் அறிந்தேன். அந்தக் கிழமை வந்தால் யாருடைய பாடோ அவர்கள் வாசலில் வந்து நிற்பார்களாம். "பழகிப்போச்சு பாப்பா, பாட்ட வுட முடியுமா? சும்மா காத்தாட குந்து." போன் இல்லாமல், கேள்வி இல்லாமல், நீ வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவர்கள் காலாட்டிக்கொண்டு காத்திருப்பார்களாம். உனக்கு முடியாது என்று சொல்ல வாயில்லை, அவர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் உன் இடுப்புக்குப் பின்னால் புண் வந்திருக்கிறது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு வருகிற புண். உணர்வில்லாத இடத்தில் வலி ஏது? நாற்றம் வந்த பிறகு அண்ணி கண்டுபிடித்தாள். அதற்குள் எலும்பு வரை போயிருந்தது. ஏரி கொந்தளித்துக்கொண்டிருந்ததால் படகு விடத் தாமதமானது. அதே நாற்காலியில் உன்னைத் தூக்கி வந்தார்கள். பொன்னேரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்களாம்.

எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியத்துக்கு மறுநாள் வந்தேன். உங்கள் வீட்டு வாசலில், மாடியில் லுங்கிகளாக மட்டும் நான் பார்த்திருந்த அத்தனை பேரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றுதான் முதன்முறையாக அவர்களுடைய முகங்களைச் சரியாகப் பார்த்தேன். நாற்காலி சுவரோரம் கிடந்தது. மூங்கிலை அவிழ்த்து எடுத்திருந்தார்கள், கயிறு மட்டும் சுற்றியபடியே இருந்தது.

யாரோ ஒருவர், "கடைசியா எங்க பாடு இல்ல மேடம். இருந்தாலும் நாங்கதான் தூக்கினோம்" என்றார். வேறொருவர் அவர் தோளை அழுத்தி அடக்கினார்.

உன் அண்ணன் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். கண்கள் வீங்கியிருந்தன. "நீங்கதான் வாரா வாரம் பேசினீங்க. எங்களாண்ட சொல்லாதத உங்களாண்டனாச்சும் சொல்லியிருக்கும். எதுனா கொறை சொல்லிச்சா மேடம்? நாங்க இன்னா பண்ணாம வுட்டோம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி வாசல்படியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஏரி நடுவே நீ கத்தியது முழுவதும் எனக்கு நினைவிருந்தது. அவற்றில் பாதி இந்த மனிதரைப் பற்றியது. அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை நீ யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நீ அழத் தெரியாத மகாராணி இல்லை என்று தெரிந்திருக்கும்.

"நல்லா இருக்கேன்னுதான் சொன்னாங்க அண்ணா" என்றேன். "எப்பவும் அதைத்தான் சொன்னாங்க."

அவர் முகத்தில் அது வந்தது. நீ சொன்ன அந்த முகம், வலை கனமாக இருக்கும்போது வருகிற முகம். நீ வாரா வாரம் எதைக் காப்பாற்றினாய் என்பதை அன்று நேரில் பார்த்தேன். அதைக் கெடுக்க என்னாலும் முடியவில்லை.

துறைவரை அண்ணி கூட வந்தாள். நான் படகில் ஏறும்போது சொன்னாள்: "புண்ண அது முன்னாடியே தடவிப் பாத்துக்கினு இருந்துருக்கும்மா. ஏன் பாப்பா சொல்லலன்னு கேட்டேன். 'இதுனாச்சும் எனக்கு மட்டும் இருக்கட்டும் அண்ணி'ன்னுச்சு."

உன் பெயரை எழுத இந்த மடலிலும் எனக்கு மனம் வரவில்லை. சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டப்பட்டவளுக்கு இதையாவது செய்யலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது எனக்கு வேறு வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் தங்கியிருக்கும் விடுதிகளுக்குப் போன் செய்து மனநலம் விசாரிக்கிற வேலை. தாளும் கேள்விகளும் ஏறக்குறைய அவைதாம். முதல் கேள்விக்கு மேலே நான் உன் கேள்வியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். தாள் மாறும்போதெல்லாம் மறுபடி எழுதுகிறேன்.

நேற்று டீக்கடையிலிருந்து திரும்பி வந்து ஒரு பெண்ணை அழைத்தேன். தூரத்து ஊர்க்காரி. இயந்திரத்தில் விரல்கள் போய், கட்டோடு விடுதியில் படுத்திருப்பவள்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"

பின்னணியில் கட்டில், வாளிச் சத்தம், சிரிப்பு, யாரோ யாரையோ சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது.

"இருக்காங்க அக்கா" என்றாள். "ரூம்ல எட்டு பேரு. எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க."

இதற்கு அடுத்து என்ன கேட்பது என்று நீ எனக்குச் சொல்லித்தரவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது. இங்கே ஏரியும் இல்லை, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு விலகிப்போக ஓர் அண்ணியும் இல்லை.

"சரிம்மா" என்றேன். "அங்க மழை பெய்யுதா?"